பாட்டைத் திருடியவர் யார்?

(தொழிற்சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

இருபத்து நான்கு பாட்டின் விலை என்ன? அமெரிக்காவில் 2003-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்றார்கள். 24 பாட்டும் சேர்ந்தால் 24 டாலர்கூட ஆகாது. ஆனால் அந்த நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில், பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாய், 24 பாட்டுக்காக 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு பாட்டுக்கு 80 ஆயிரம் டாலர்!

அவர் கடையை உடைத்தாரா? இல்லை. பாட்டை விற்றுக் காசு சேர்த்தாரா? அதுவும் இல்லை. தம் கம்ப்யூட்டரிலிருந்த பாட்டுகளை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார் என்பதே வழக்கு.

இது எப்படி நடந்தது? ஆதியிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

கம்ப்யூட்டருக்குப் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. பிரதி எடுத்தால் மூலம் தேய்வதில்லை. எம்.பி.3 என்ற முறை அந்த எண்களைச் சுருக்கியது. டெலிபோன் கம்பி வழியே பாட்டை அனுப்ப முடிந்தது. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற 18 வயது இளைஞர் ‘நாப்ஸ்டர்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் நாப்ஸ்டரிடம் இருக்கும். பாட்டோ ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து நேரே மற்றவர் கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டு வருஷத்துக்குள் இரண்டு கோடிப் பேருக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போது இசைத்தட்டு வியாபாரத்தை ஐந்து பெரிய கம்பெனிகள் ஆண்டன. யுனிவர்சல், சோனி, வார்னர், பி.எம்.ஜி., ஈ.எம்.ஐ. என்பவை அவை. கம்பெனிகளின் சங்கம் 1999 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. ஜனங்கள் நிற்கவில்லை, வேறு ஏற்பாடுகளுக்குப் போனார்கள். பிறகு கம்பெனிகள், பாட்டுக் கேட்கிறவர்கள் மீதே பாய்ந்தன.

2003 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 261 பேர் மீது வழக்கு! அதில் ஒருத்தி 12 வயதுச் சிறுமி. நியூயார்க்கில் ஏழைகளுக்கு அரசு கட்டிய குடியிருப்பில் வசித்தவள். 2,000 டாலர் கட்டுவதாக அவள் தாய் ஒப்புக்கொண்ட பிறகே விட்டார்கள். 2008 டிசம்பரில், இனிப் புது வழக்குகள் போடுவதில்லை என்று கம்பெனிகள் அறிவித்தன. அதற்குள் சுமார் 35 ஆயிரம் பேர் அந்த வலையில் சிக்கியிருந்தார்கள். வக்கீலுக்குக் கொடுப்பதைவிட இது குறைவு என்று எண்ணிப் பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கட்டி விலகினார்கள்.

விலகாமல் நின்றவர் அந்த மின்னசோட்டாத் தாய். 2007-ல் முதல் ஜூரி 2,22,000 டாலர் என்றது. மறுவிசாரணையில் அது 19,20,000 ஆனது. ஜட்ஜ் அதை 54,000 ஆகக் குறைத்தார். 2010-ல் மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது. 2012-ல் அப்பீல் கோர்ட் பழைய 2,22,000-த்துக்கே திரும்பியது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்தது. வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு பாட்டுக்கு 750 முதல் 1,50,000 டாலர் வரை விதிக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆயிரக்கணக்கில் கள்ளத்தட்டு அடித்து விற்கும் வியாபாரிக்கும் அதே தராசு, வீட்டிலிருந்து பாட்டுக் கேட்கும் பெண்ணுக்கும் அதே தராசு!

“பாடினவனுக்குக் கூலி வேண்டாமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டும், கட்டாயம் வேண்டும். பாடுகிறவனும் வாசிக்கிறவனும் உழைப்பாளிகளே. அவர்கள் உழைப்பைச் சும்மா அனுபவிப்பது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. கம்பெனிகளும் கோர்ட்டில் கலைஞர்களின் பேரைச் சொல்லித்தான் நின்றன. அந்தக் கலைஞர்களைக் கம்பெனிகள் எப்படி நடத்தின என்று பார்ப்போம்.

கம்பெனி பாடகருக்கு முன்பணம் தரும். ஒலிப்பதிவுச் செலவையும் அவர் கணக்கிலேயே எழுதும். தட்டு விற்றால், அவருக்குரிய சிறு பங்கிலிருந்து அந்தக் கடனைக் கழித்துக்கொள்ளும். கடன் முழுதும் அடைந்த பிறகும் ஒலிப்பதிவு கம்பெனிக்கே சொந்தம்! பண்ணையில் முன்பணம் வாங்கி உழைத்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் கலைஞருக்கு ஒரு பிடி இருந்தது. எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருஷம் கழித்து அவர் திரும்பக் கேட்கலாம். ‘கூலிக்குச் செய்த வேலை’ என்றால் மட்டும் கேட்க முடியாது. 1999 நவம்பரில் என்ன நடந்தது தெரியுமா? சாட்டிலைட் டெலிவிஷன் பற்றிய ஒரு மசோதாவுக்குள் நான்கே நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொருகினார்கள். ஒலிப்பதிவும் ‘கூலிக்குச் செய்த வேலை’களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது! கம்பெனிகளின் சங்கம் இந்தத் திருத்தத்தை ஆதரித்தது. கலைஞர்கள் பொங்கி எழுந்து போராடினார்கள். 2000 அக்டோபரில் அது ரத்தாயிற்று. நவம்பரில் கலைஞனின் உரிமைக்கு உலை; டிசம்பரில் அதே கலைஞனைக் காப்பாற்ற வழக்கு! வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதானே?

இன்னொரு கணக்கும் உண்டு. இசைத்தட்டை மலிவு விலைக்கு விளம்பரம் செய்த கடைகளுக்கு இந்தக் கம்பெனிகள் விளம்பரப் பணத்தை நிறுத்தின. மூன்றே வருஷத்தில் ஜனங்கள் 48 கோடி டாலர் வரை அதிகம் கொடுத்திருக்கக்கூடும் என்று 2000-ல் அந்த நாட்டு அரசின் வாணிபக் கமிஷனே மதிப்பிட்டது. மாநில அரசுகள் வழக்குத் தொடுத்தன. 2002-ல் கம்பெனிகளும் சில பெரிய கடைகளும் சுமார் 14 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமான பணமும் தட்டுகளும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. 2004-ல் மனுச் செய்தவர்களுக்குக் கிடைத்த செக் எவ்வளவு? 13 டாலர் 86 சென்ட்!

கோடிப் பேர் பையில் கைவைத்தால் ஆளுக்கு 13 டாலர் 86 சென்ட். இருபத்து நான்கு பாட்டைப் பகிர்ந்தால் 2 லட்சத்து 22 ஆயிரம் டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே!

வழக்குகளால் பகிர்வது ஒழியவில்லை. மலிவாகவும் சுலபமாகவும் கேட்க வழி வந்த பிறகே ஜனங்கள் காசு கொடுக்க வந்தார்கள். இன்று மாதச் சந்தா கட்டினால் வேண்டிய பாட்டைக் கேட்கலாம். ஐந்து கம்பெனிகள் மூன்றாகிவிட்டன. ஒருவர் ஒரு தடவை கேட்டால் அந்தப் பாட்டுக்கு ஒரு சென்ட்கூடத் தேறுவதில்லை. அதிலும் கம்பெனியின் பங்கு போகத்தான் பாடகருக்கு.

ஆகவே கேள்வி தீரவில்லை. “பிரதி எடுத்தது யார்?” என்று மட்டும் கேட்டால் பாட்டுக் கேட்கிறவனே குற்றவாளியாக நிற்பான். பாட்டு யாருடைய உழைப்பு, அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். அப்போது பாடுகிறவனும் கேட்கிறவனும் எதிரிகள் அல்ல என்பது விளங்கும்.

நூல் நூற்கும் உங்களுக்கும், நெல் விளைவிக்கும் உங்களுக்கும் இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.