மூப்பும் ஒரு சிறு புழுவும்



ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எதையும் உவமை காட்டி விளக்க வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதன்படி, மூப்பு என்பது என்ன என்று விளக்க வந்த நான், “உடம்பு ஒரு மாட்டுவண்டி. ஓட ஓட அச்சுத் தேய்கிறது. ஆரக்கால் ஆட்டங் கொடுக்கிறது. ஒரு நாள் வண்டி நின்றுவிடுகிறது. மூப்பும் அத்தகையதே” என்று சொன்னேன். உவமை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே ஒரு மகிழ்ச்சி.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, எங்கள் வீட்டு நாய்க்குப் பன்னிரண்டு வயதிலேயே கிழடு தட்டிவிட்டது. எங்கள் தாத்தாவோ எழுபது கடந்தும் வயலுக்குப் போகிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே வெயிலில்தான் இருக்கிறார்கள். நாய் மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் தேய்ந்தது?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “பாடத்தில் இல்லாததைக் கேளாதே, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மறுபடியும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதே காலத்தில், கடல் கடந்த அமெரிக்க நாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், ஒரு பெண்மணி ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரியவந்தது. சிந்தியா கென்யன் என்பது அவர் பெயர். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

கென்யன் 1954-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வேதியியலும் உயிர்வேதியியலும் பயின்று 1976-இல் பட்டம் பெற்றார். பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, பாக்டீரியாவின் மரபுப் பொருளுக்குக் கேடு நேரும்போது அந்த நுண்ணுயிர் எந்தெந்த மரபணுக்களை இயக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்து, 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். கேடு வந்தால் உயிர் வாளாவிருப்பதில்லை, எதிர்நின்று செப்பனிடுகிறது. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

அங்கிருந்து அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்று, சிட்னி பிரென்னர் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். உயிரினங்களின் வளர்ச்சியை ஆராய்வதற்காகப் பிரென்னர் தேர்ந்தெடுத்த உயிர் ஒரு புழு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் நீண்ட பெயர்; உடலோ ஒரு மில்லிமீட்டர் நீளமே. மண்ணிலும் அழுகிய இலை, காய், கனிகளிலும் வாழ்ந்து பாக்டீரியாவைத் தின்னும் இப்புழுவால் நமக்கு யாதொரு தீங்கும் இல்லை. இதன் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் உள்ளுறுப்புகளையெல்லாம் காணலாம். முதிர்ந்த புழுவின் உடலில், இனப்பெருக்க அணுக்களை நீக்கிப் பார்த்தால், 959 உயிரணுக்களே உள்ளன. அவற்றுள் 302 நரம்பணுக்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழு மூன்று நாளில் பருவமடைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. இப்புழுவைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளுக்காகப் பிரென்னரும் வேறு இருவரும் 2002-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இந்தச் சிறு புழுவும் முதுமை அடைகிறது. இளமையில் வளைந்து நெளிந்து விரைந்தோடும் புழு, பதினைந்து நாளுக்குள் ஓட்டம் குறைந்து, மேனி தளர்ந்து, கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. கென்யன் ஒரு முறை புழுக்கள் இருந்த தட்டொன்றைச் சில வாரங்கள் கவனியாமல் விட்டுவிட்டார். திரும்ப எடுத்துப் பார்த்தபோது அவை கிழடாகிக் கிடந்தன. அவற்றைக் கண்டு முதலில் அவருக்கு இரக்கம் உண்டாயிற்று. பிறகு, மூப்பை நடத்திச் செல்லும் மரபணு ஏதேனும் இருக்குமோ என்ற எண்ணம் எழுந்தது.

இக்கேள்வி அக்காலத்தில் பலர்க்கு வீண் கேள்வியாகவே தோன்றியது. மூப்பு என்பது வெறும் தேய்மானம், தேய்மானத்துக்கு மரபணு எதற்கு என்பதே பெரும்பாலோர் கொள்கை. என் மாட்டுவண்டியும் அந்தக் கொள்கையைச் சேர்ந்ததே. ஆனால், சுண்டெலி மூன்று ஆண்டு வாழ்வதே அரிது. ஏறத்தாழ அதே பருமனுள்ள வௌவால்களுள் சில முப்பது ஆண்டுக்கு மேலும் வாழ்கின்றன. வெறும் தேய்மானம் என்றால் இத்துணை வேறுபாடு ஏன்? உயிருக்கு உயிர் வேறுபடுவது மரபணு. ஆகவே ஆயுளின் அளவிலும் மரபணுவுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். என் மாணவன் நாயையும் தாத்தாவையும் காட்டிக் கேட்டதும் இதைத்தான்.

கென்யன் 1986-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். புழுவின் உடலில் தலை முதல் வால் வரை எவ்வுறுப்பு எவ்விடத்தில் அமைய வேண்டும் என்று வகுக்கும் மரபணுக்களை ஆராய்ந்து நற்பெயர் பெற்றார். ஆயினும் மூப்பை ஆராய்வோம் வாருங்கள் என்று அழைத்தபோது, அதற்கு மாணவரைச் சேர்ப்பதே கடினமாயிருந்தது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இத்துறையில் அவர் முதல்வரும் அல்லர். மைக்கேல் கிளாஸ் என்பவர் நீண்ட ஆயுளுடைய புழு வகைகளை 1983-இலேயே கண்டிருந்தார். அவற்றுள் ஒன்றன் மரபணுவைத் தாமஸ் ஜான்சனும் அவருடைய துணைவரும் 1988-இல் இனங்காட்டி, அதற்கு ‘ஏஜ்-1’ என்று பெயரிட்டிருந்தனர்.

கென்யன் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, இப்புழுவின் வாழ்வில் ஒரு விந்தையை அறிய வேண்டும். உணவு குறைந்து கூட்டமும் மிகுந்துவிட்டால், இளம் புழு மேலும் வளராமல் ஒரு தனி நிலையை மேற்கொள்கிறது. உண்பதில்லை; இனம் பெருக்குவதில்லை; கடுமையான சூழலையும் தாங்கிப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட, காத்திருக்கிறது. நல்ல காலம் வந்ததும் மீண்டும் வளரத் தொடங்குகிறது. குதிருக்குள் மழையை எதிர்நோக்கியிருக்கும் விதைநெல்லைப் போன்றது இந்நிலை. இதனைத் ‘தாங்குநிலை’ என்போம். புழு இந்நிலைக்குச் செல்வதா வேண்டாவா என்று முடிவு செய்யும் மரபணுக்களுள் ஒன்று ‘டாஃப்-2’, மற்றொன்று ‘டாஃப்-16’.

டாஃப்-2 மரபணுவில் பழுதுள்ள புழுக்களைக் கென்யனும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்டனர். அவை தாங்குநிலைக்குச் சென்றுவிடாதபடி குளிர்ந்த சூழலில் வளர்த்து, இளம்பருவத்தைக் கடந்த பின்னர் வழக்கமான வெப்பநிலைக்கு மாற்றினர். பிறகு செய்ததெல்லாம் எண்ணுவதே. மெல்லிய கம்பியால் ஒவ்வொரு புழுவையும் தொட்டுப் பார்ப்பார்கள். அசைந்தால் உயிருண்டு, அசையாவிட்டால் இறந்தது என்று கணக்கில் குறிப்பார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை இது. சாதாரணப் புழுக்கள் யாவும் இறந்துபோயின. டாஃப்-2 பழுதுற்ற புழுக்களோ அப்போதும் ஊர்ந்துகொண்டிருந்தன! இரு மடங்குக்கும் மேலாக அவை வாழ்ந்தன. நோயாளிபோல் படுத்துக் கிடந்து நாளைக் கழிக்கவில்லை; மற்றவை தளர்ந்த வயதிலும் இவை இளமையோடு இயங்கின. டாஃப்-16 மரபணுவையும் கெடுத்துவிட்டாலோ இந்நீண்ட ஆயுள் அடியோடு மறைந்தது. 1993-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தன.

டாஃப்-2 உடலில் செய்யும் தொழில் யாது? அமெரிக்க நாட்டின் மற்றொரு பகுதியில் கேரி ருவ்கன் என்பவரின் குழுவினர் இதற்கு 1997-இல் விடை கண்டனர். டாஃப்-2 மரபணு ஆக்குவது ஒரு ஹார்மோன் ஏற்பி. அதாவது, ஹார்மோன் என்னும் தூதன் கொண்டுவரும் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் வாயிற்காவலன். நம் உடலில் இன்சுலினை ஏற்கும் ஏற்பியும், வளர்ச்சிக்குத் துணைபுரியும் மற்றொரு ஹார்மோனை ஏற்கும் ஏற்பியும் இதற்கு உறவுடையவை. புழுவுக்கும் நமக்கும் பொதுவான பழைய மூதாதையிடமிருந்து வந்த குடும்பச் சொத்து இது. டாஃப்-16 என்பது வேறு பல மரபணுக்களை இயக்கிவைக்கும் மேலாளன் என்பதை அதே ஆண்டில் ருவ்கன் குழுவினரும் கென்யன் குழுவினரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

இனி முழுக் கதையையும் கோவைப்படுத்திப் பார்க்கலாம். உணவு நிறைந்த காலத்தில் ஹார்மோன் செய்தி வலுவாக வருகிறது. ‘வளர்க, பெருகுக’ என்பதே செய்தி. அப்போது டாஃப்-16 அணுவின் உட்கருவுக்குள் நுழைய இயலாமல் வெளியே நிறுத்தப்படுகிறது. செய்தி தளர்ந்தால் அது உட்கருவுக்குள் புகுகிறது. புகுந்து, நச்சுப் பொருள்களை முறிக்கும் மரபணுக்களையும், உருக்குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் மரபணுக்களையும், நுண்ணுயிர்களை எதிர்க்கும் மரபணுக்களையும் வேலைக்கு அழைக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஆயுளுக்குச் சிறிதளவே துணை செய்கின்றன. யாவும் சேரும்போது பயன் பெரிதாகிறது என்று கென்யன் குழுவினர் 2003-இல் காட்டினர். கேடு வந்தால் செப்பனிடும் ஆற்றல் உயிருக்குள்ளேயே உண்டு என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அவ்வாற்றல் எந்த அளவுக்கு முடுக்கப்பட வேண்டும் என்பதை ஹார்மோன் முடிவு செய்கிறது. வண்டி தேய்வது உண்மையே. ஆனால் வண்டிக்குள்ளேயே ஒரு தச்சனும் இருக்கிறான். அவன் எவ்வளவு வேலை செய்கிறான் என்பதைப் பொறுத்தது ஆயுள். என் உவமையில் நான் அந்தத் தச்சனை விட்டுவிட்டேன்.

1999-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, மாணவராகிய நீங்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. இளம் புழுவில் இனப்பெருக்க அணுக்களுக்கு மூலமாகும் அணுக்களை லேசர்க் கதிரால் அழித்தனர். ஆயுள் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. ‘பிள்ளைப்பேற்றுக்குச் செலவாகும் ஆற்றல் மிச்சமாயிற்று, ஆகவே ஆயுள் கூடிற்று’ என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. இனப்பெருக்க உறுப்பு முழுவதையுமே நீக்கிப் பார்த்தனர். அப்போதும் புழுவுக்குப் பிள்ளையில்லை. ஆனால் ஆயுள் கூடவில்லை. எனவே காரணம் ஆற்றல் மிச்சம் அன்று. இனப்பெருக்க அணுக்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த உறுப்பிலிருந்தும் உடலுக்குச் செல்லும் வெவ்வேறு செய்திகளே. பொருத்தமாகத் தோன்றிய விடையையும் இன்னொரு சோதனையில் நிறுத்திப் பார்த்தார்களே, அதுதான் விஞ்ஞான முறை. 2003-இல் இவ்விரு வழிகளையும் இணைத்து, சாதாரண ஆயுளைப்போல் ஆறு மடங்கு வாழ்ந்த புழுக்களையும் அவர்கள் கண்டனர்.

புழுவோடு இது முடியவில்லை. இத்தகைய ஹார்மோன் செய்தி குறைந்த ஈக்கள் நீண்டநாள் வாழ்வதை 2001-இல் வேறு ஆராய்ச்சியாளர் கண்டனர். சுண்டெலிகளில் 2003-இல் கண்டனர். டாஃப்-16-க்கு இணையாக மனிதரிடமுள்ள மரபணுக்களுள் ஒன்றன் ஒரு வகை, ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய மரபினரான ஆடவருள் நெடுநாள் வாழ்ந்தோரிடம் மிகுதியாகக் காணப்பட்டது என்று 2008-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. கென்யன் 2014-இல் பல்கலைக்கழகத்தை விட்டு, மூப்பை ஆராய்வதற்கென்று தொடங்கப்பெற்ற ‘காலிகோ’ என்னும் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கே இத்துறையின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று. புழுவின் ஆயுள் இரட்டித்தது என்று கேட்டவுடன், நமக்கும் அவ்வாறே ஆகும் என்று நம்பிவிடலாகாது. சுண்டெலியிலேயே புழுவில் கண்ட அளவு பயன் கிட்டவில்லை. இன்சுலின் செய்தி தளர்ந்தால் நன்மை என்று கேட்டு, நீரிழிவு நோயாளர் எவரேனும் மருந்தை நிறுத்திவிட்டால் அது பெருந்தீங்காய் முடியும். மனித உடலில் அளவோடு இருக்க வேண்டிய ஹார்மோன் குறைவதால் வரும் துன்பத்தை நம் வீடுகளிலேயே காண்கிறோம். காயகல்பம் என்று சொல்லிக் கடைவிரிப்போர் நாளை இந்தப் புழுவின் பெயரையும் தம் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது, ‘இது மனிதரிடம் சோதித்து அறியப்பட்டதா?’ என்று கேட்க நீங்கள் கற்றிருக்க வேண்டும்.

என் வயது இப்போது அறுபதைக் கடந்துவிட்டது. படியேறும்போது முழங்கால் தன் இருப்பை நினைவூட்டுகிறது. இந்த ஆராய்ச்சியின் பயன் என் காலத்துக்குள் என்னை வந்தடையும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. ஆயினும், மூப்பு என்பது கேள்விக்கு இடமில்லாத ஒன்று என்று நான் நினைத்திருந்தது பிழை என்பதை உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

அன்று நான் உட்காரச் சொன்ன மாணவனுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. இந்தப் பேச்சு அவன் செவிக்கு எட்டுமானால், அவனுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: “தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. பாடத்தில் அது இல்லாதது உன் குற்றம் அன்று. எனக்கு விடை தெரியவில்லை என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.” இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, நாளை வகுப்பில் உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தால் எழுந்து நின்று கேளுங்கள். ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டால், இருவருமாகத் தேடுங்கள்.