மெல்லப் பறக்கும் போர்விமானம்



ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே ஒரு பழைய படுகை அணை உண்டு. அங்கிருந்து பிரியும் ராஜவாய்க்கால், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் கரும்பு வயல்களையும் வாழவைக்கிறது. வாய்க்கால் பாயாத மேட்டு நிலங்களில் சோளம் விளையும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், கொல்லையின் நடுவே பரண் கட்டி, கையில் கவணோடு ஒருவர் காவல் இருப்பது பழைய வழக்கம். அவர் கொல்லையைச் சுற்றிக் குதிரையேறி ஓடுவதில்லை. ஓரிடத்தில் நிலைத்திருந்து, பொறுமையாகப் பார்த்து, வந்த பறவையை மட்டும் விரட்டுவதே அவர் தொழில். கல் குறி தவறினால் முறிவது தம்முடைய கதிர்தான் என்பதை அவர் நன்கு அறிவார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் போர்விமானம். அதற்கும் இந்தப் பரண் காவலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

போர்விமானம் என்றதும் ஒலியை முந்திப் பாயும் ஜெட் விமானமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் உலகின் பல நாடுகள், உள்நாட்டுக் கலகங்களை அடக்கும் வேலைக்கு, விசிறி சுழன்று பறக்கும் மெதுவான, விலை குறைந்த சிறு விமானங்களையே நாடியிருக்கின்றன. வேகத்திற்கு இத்தனை மதிப்புள்ள காலத்தில் மெதுவான விமானத்தைத் தேடுவானேன்?

இரு நாட்டுப் படைகள் பொருதும் போரில் பகைவன் இன்னான் என்பதில் ஐயமில்லை. அவனுக்குச் சீருடை உண்டு, பாசறை உண்டு, டாங்கிகளும் உண்டு. உள்நாட்டுக் கலகத்தின் தன்மை வேறு. அங்கே ஆயுதம் ஏந்தியவன் ஊருக்குள் ஊராராகவும், காட்டுக்குள் மரத்தோடு மரமாகவும் மறைந்து வாழ்கிறான். ஆகவே, எப்படித் தாக்குவது என்பதற்கு முன்னர், யாரைத் தாக்குவது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காணக் கண் வேண்டும். அக்கண்ணுக்கு அவகாசமும் வேண்டும்.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் ஒரு விநாடியில் 250 மீட்டர் கடந்துவிடும். பத்து விநாடியில் இரண்டரைக் கிலோமீட்டர் போய்விடும். கீழே ஓடுகிறவன் தோளில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா என்று விமானி எண்ணிப் பார்ப்பதற்குள் அந்த ஊரே பின்னால் மறைந்துவிடும். மணிக்கு 270 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானமோ விநாடிக்கு 75 மீட்டரே கடக்கிறது. அது வட்டமிட்டு மீண்டும் வந்து பார்க்கலாம். ஒரே இடத்தின் மீது மணிக்கணக்கில் காத்திருக்கலாம். தரைப்படையினரோடு வானொலியில் பேசி, அவர்கள் சொல்லும் அடையாளத்தைச் சரிபார்க்கலாம். குறுகிய ஓடுபாதையிலும் அது இறங்கும். எரிபொருட் செலவு சொற்பம். பழுது பார்ப்பதும் எளிது. விமானப் பயிற்சிக்கென வாங்கிய விமானத்திற்கே துப்பாக்கியும் குண்டும் பொருத்திப் போருக்கு அனுப்பிய நாடுகள் பல.

அல்ஜீரியாவில் 1950-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அவ்வாறே செய்தனர். டெக்ஸன் என்னும் பழைய பயிற்சி விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்கி ஆயுதம் பூட்டினர். வியட்நாமில் அமெரிக்கர், ஜெட் விமானங்கள் எத்தனையோ இருந்தும், விசிறி விமானமான ஸ்கைரெய்டரைக் கைவிடவில்லை. வீழ்ந்த விமானிகளை மீட்கச் செல்லும் ஹெலிகாப்டர்களுக்குத் துணையாக நீண்ட நேரம் வானில் நின்று காவல் புரிய அதுவே ஏற்றதாக இருந்தது.

நம் நாட்டிலும், வேறு வகைப் போரிலேயாயினும், மெதுவான விமானத்தின் அருமை விளங்கிய நாள் ஒன்று உண்டு. 1971 டிசம்பர் 5-ஆம் நாள் ராஜஸ்தான் பாலைவனத்து லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்கியவை ஹன்டர் ஜெட் விமானங்கள். அவற்றுக்கு மேலிருந்து வழிகாட்டியதோ, பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கிருஷக் என்னும் சிறு விசிறி விமானம். வேகமான கைக்கு மெதுவான கண் துணை நின்றது.

இனி, நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கைக்குச் செல்வோம். இவ்வகை விமானத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் வரலாறு அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

1980-களின் நடுவில், தமிழ்ப் போராளிகளுக்கு எதிரான போரில் ஈடுபட்ட இலங்கை அரசு, இத்தாலி நாட்டு மார்ச்செட்டி விமானங்களை வாங்கியது. அவை பயிற்சி விமானங்களே. இறக்கையின் கீழே குண்டு பொருத்தப்பட்டதும் போர்விமானங்களாயின. 1990-களின் தொடக்கத்தில் ஆர்ஜென்டினாவிலிருந்து நான்கு புக்காரா விமானங்கள் வந்தன. இரட்டை எஞ்சினும் விசிறிகளும் உடைய புக்காரா, கலகங்களை அடக்கும் நோக்கத்துடனேயே வகுக்கப்பட்டது. அதன் பெயர் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியில் கோட்டை என்று பொருள்படும். யாழ்ப்பாணத்து மக்களுக்கோ அந்தப் பெயர் வேறு பொருள் தந்தது. வானில் இரைச்சல் கேட்டவுடன், வருவது ஹெலியா, பொம்மரா, புக்காராவா என்று சிறு பிள்ளைகளும் ஓசையால் அறிந்துகொண்டனர். வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளவிலும் பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன.

1995-ஆம் ஆண்டு நிலைமையை மாற்றியது. ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாள்களில், பலாலி அருகே இரண்டு ஆவ்ரோ போக்குவரத்து விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. ஜூலை 14-ஆம் நாள் ஒரு புக்காராவும் ஏவுகணைக்கு இரையாயிற்று. தோளில் வைத்து ஏவும் சிறு ஏவுகணை, எஞ்சினின் வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்துவது. அதனிடமிருந்து தப்பும் வேகம் இந்த விமானங்களுக்கு இல்லை. மறு ஆண்டிலேயே இலங்கை இஸ்ரேலிடமிருந்து கிஃபிர் ஜெட் விமானங்களைப் பெற்றது. 2000-இல் மிக்-27 வந்தது. புக்காரா அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஓய்வு பெற்றது. எதிரியிடம் ஏவுகணை இல்லாத வரையில்தான் மெதுவான விமானத்துக்கு வானம் சொந்தம் என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் துயரமானது. அதே 1995 ஜூலை 9-ஆம் நாள், சண்டைக்கு அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் யாழ்ப்பாணத்தின் நவாலியில் புனித இராயப்பர் தேவாலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தங்கியிருந்தனர். விமானப்படை வீசிய குண்டுகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பலர். நின்று பார்க்க வல்ல விமானங்கள் ஒரு படையிடம் இருப்பதனாலேயே பார்த்து அடிக்கும் பண்பு அப்படைக்கு வந்துவிடுவதில்லை. பரணும் கவணும் இருந்தால் போதுமா? காவற்காரருக்குக் கதிரின்மேல் கருத்து இருக்க வேண்டுமன்றோ?

மூன்றாவது பாடம் வியப்பூட்டுவது. விலை குறைந்த விமானத்தை அரசு வாங்க முடியுமானால், அரசை எதிர்ப்பவனும் வாங்கலாம் அல்லவா? 2007 மார்ச் 26-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் வன்னியிலிருந்து பறந்து வந்து கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசின. அவை செக் நாட்டில் செய்யப்பட்ட ஸ்லின் வகை. நான்கு பேர் அமரக்கூடிய, பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் உரிய விமானங்கள். இருளில் தாழப் பறந்த அவற்றைக் கண்டறிவதும், ஜெட் விமானங்களால் துரத்திப் பிடிப்பதும் எளிதாக இல்லை. ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவை அவ்வப்போது வந்து போயின. 2009 பிப்ரவரி 20-ஆம் நாள் கொழும்பை நோக்கி வந்த இரண்டும் அழிந்தன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றொன்று கட்டுநாயக்க அருகே வீழ்த்தப்பட்டது. அவற்றால் போரின் போக்கு மாறவில்லை. ஆயினும் மெதுவும் மலிவும் எந்தத் தரப்புக்கும் நிலையான சொத்தாகா என்பதை அவை காட்டின.

ஜெட் விமானத்தையே கலகத்தின்மீது ஏவினால் என்ன நிகழும் என்று கேட்பீர்களாயின், அதற்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1966-இல் மிசோ மலைப்பகுதியில் மிசோ தேசிய முன்னணி ஆயுதம் ஏந்தி எழுந்தது. மார்ச் 5-ஆம் நாள் இந்திய விமானப்படையின் தூஃபானி, ஹன்டர் ஜெட் விமானங்கள் ஐஸ்வால் நகரைத் தாக்கின. வீடுகளும் கடைகளும் எரிந்தன; மக்கள் காடுகளுக்கு ஓடினர். நகரம் மீட்கப்பட்டது உண்மையே. ஆனால் கலகம் அன்று ஓயவில்லை. மேலும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 1986 ஜூன் 30-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையே அமைதியைக் கொணர்ந்தது. மறு ஆண்டு மிசோரம் தனி மாநிலமாயிற்று. முன்னர் ஆயுதமேந்திய இயக்கத்தின் தலைவர் லால்டெங்காவே அதன் முதலமைச்சராக அமர்ந்தார். எரிந்த வீடுகளின் நினைவோ அம்மக்களின் உள்ளத்தில் இன்றும் ஆறாத வடுவாக இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் இதே உண்மையைக் காணலாம். பிரேசில் நாட்டு சூப்பர் டுக்கானோ இன்று இவ்வகை விமானங்களுள் புகழ் பெற்றது. கொலம்பியா அதைக் கொண்டு காட்டுக்குள் இருந்த கிளர்ச்சிப் படையின் தலைமையைத் தாக்கி வலுவிழக்கச் செய்தது. எனினும் அங்கும் போரை முடித்துவைத்தது 2016-ஆம் ஆண்டின் சமாதான உடன்பாடே. அதே விமானம் அதே 2016-இல் ஆப்கானிஸ்தானுக்கும் வழங்கப்பட்டது. அந்நாட்டு விமானிகள் திறமையாகவே பறந்தனர். ஆனால் 2021 ஆகஸ்டில் தரையில் அரசே சரிந்தபோது, வானில் விமானம் இருந்து பயன் இல்லை. விமானிகள் பலர் தம் விமானங்களுடன் அயல் நாடுகளுக்குத் தப்பினர்.

மெதுவான விமானத்தின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஏர் டிராக்டர் விமானத்தையே போருக்கு ஏற்ப மாற்றி, 2022-இல் அமெரிக்கச் சிறப்புப் படையினர் தேர்ந்தெடுத்தனர். விமானியில்லாமல் பறக்கும் ட்ரோன்களும் இந்தக் குலத்து வாரிசுகளே. மெல்லப் பறத்தல், நீண்ட நேரம் நிற்றல், உற்றுப் பார்த்தல் ஆகிய மூன்று குணங்களும் அவற்றிடம் உண்டு. விமானியின் உயிருக்கு ஆபத்து இல்லை என்பது அவற்றின் புதிய சிறப்பு. ஆனால் பார்ப்பவர் வெகு தொலைவில் இருக்கிறார். திரையில் தெரியும் நிழல் யாருடையது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதனால் குறைவதில்லை, கூடவே செய்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியியல் பயின்று விமானங்களை வகுக்கலாம். சிலர் விமானப்படையில் சேரலாம். சிலர் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்து, அவற்றை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவும் நேரலாம். அப்போது ஒன்றை மறவாதீர்கள். மெதுவான விமானத்தின் மதிப்பு அதன் மலிவில் மட்டும் இல்லை. பார்ப்பதற்கு அது நமக்கு அவகாசம் தருகிறது. அவகாசம் கிடைத்த பின்னும் பாராமல் அடித்தவன், வேகத்தின்மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. கலகம் நிகழும் நாட்டில் கீழே இருப்பவர் பெரும்பாலோர் நம் குடிமக்களே. கலகம் அடங்கிய பின்னும் அவர்களோடுதான் அரசு வாழ வேண்டும்.

சோளக் கொல்லையைக் காக்க வந்தவர் அறுவடை நாளில் தம் காவலை எதைக் கொண்டு அளப்பார்? விரட்டிய பறவைகளை எண்ணியா? இல்லை, நின்ற கதிர்களை எண்ணியே அளப்பார். நாட்டைக் காப்போர்க்கும் அதுவே அளவுகோல் ஆகும்.