அநுராதபுரத்துக் கற்சிலுவை



டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம் பற்றித்தான் சொல்வார் என்று பயந்திருப்பீர்கள். இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

அது அநுராதபுரம் தொல்பொருள் நூதனசாலையில் இருக்கிறது. 1912இல் அகழ்வில் கிடைத்தது. வழவழப்பாக்கிய கருங்கல்லில் குடைந்து செதுக்கிய சிலுவை. அதன்கீழ் படிவைத்த பீடம். அடியிலிருந்து இருபுறமும் எழும் இலைகள். சென்னைப் பரங்கிமலைக் கற்சிலுவையைப் பார்த்தவர்களுக்குச் சாயல் உடனே பிடிபடும். முதலில் போர்த்துக்கேயருடையது என்றார்கள். பின்னர்தான் பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்ற கருத்து வலுப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்பவர், இத்தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் இருந்ததாக எழுதியிருக்கிறார். கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள் நமக்கு முன்பே பலர்!

அந்தக் கல்லில் பெயர் இல்லை. நம் பதுளை புனித மாற்கு ஆலயத்திலோ, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் பெயர், பதவி, திகதி எல்லாம் பொறித்திருக்கிறது. தோட்டத்து மயானத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்தது மரச்சிலுவை, அல்லது வெறும் மண்மேடு. இரண்டு மழைக்குத் தாங்காது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்டுவதற்குப் பலரிடம் கடதாசியும் இல்லை, கல்லும் இல்லை.

என்னிடம் மருந்துக்கு வரும் ஆச்சிமாரிடம் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: "உங்க அம்மா பேர் என்ன? எந்தத் தோட்டத்துல அடக்கம்?" சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள். சொன்னதைத் துண்டின் பின்பக்கத்தில் எழ்திக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டு ஆச்சியிடம் நீங்கள் கேளுங்கள், இந்த விடுமுறைக்குள்.