மனுப் போட்ட பிறகு...

(நமது அங்கத்தினர் குடும்பங்கள் போனக்காட்டுக்குச் சென்ற ஒருநாள் பயணத்தின்போது, ஓய்வுபெற்ற பர்சனல் அதிகாரியான மூத்த அங்கத்தினர் ஒருவர் இளைஞர்களிடம் பேசியது.)

 

காலையில் விதுராவைத் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் செல்போன்கள் ஊமையாகிவிட்டன. பக்கத்தில் இருந்த பையன், "மாமா, இன்னிக்கு இன்டர்வியூ மெயில் வந்தா என்ன பண்றது?" என்றான். "எப்போ அப்ளை பண்ணினே?" "ரெண்டு மாசமாச்சு." "விசாரிச்சியோ?" "இல்லை மாமா. கேட்டா தப்பா நினைச்சுப்பாளோன்னு..." வேறு விஷயம் பேசுவதாக இருந்தேன். இதைப் பேசுவதே மேல் என்று தோன்றிற்று.

அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. 1979-இல் பி.காம். முடித்து ஒரு ஸ்தாபனத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். அதற்குள் கிராமத்து வீட்டைக் காலி செய்து டவுனுக்குக் குடிவந்தோம். புது விலாசத்தைத் தெரிவித்து ஒரு கார்டு போடத் தோன்றவில்லை. மூன்று மாதம் சும்மா காத்திருந்தேன். பிறகு ஒரு கல்யாணத்தில் பழைய வீட்டுக்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். இன்டர்வியூ தேதி தாண்டி ஆறு வாரம் ஆகியிருந்தது. அப்பா அதை வாங்கிப் படித்து, மடித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். வேறு வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை தங்கையின் கல்யாணமும் தள்ளிப்போயிற்று.

பிற்பாடு மேஜைக்கு அந்தப் பக்கம் 26 வருஷம் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பதில் வரவில்லை என்றால் "இல்லை" என்று அர்த்தமில்லை. அதிகாரி லீவில் இருப்பார். போஸ்டுக்கு அனுமதி வந்திருக்காது. காகிதம் வேறு ஃபைலில் போயிருக்கும். அந்தச் சமயத்தில் மரியாதையாக வரும் ஒரு கடிதத்தை யாரும் தப்பாக நினைத்ததில்லை. தினமும் போன் செய்பவர்களையும், பிள்ளைக்காக அப்பா பேசுவதையும், பெரிய மனிதர்களைக் கொண்டு அழுத்துவதையும்தான் நாங்கள் ரசிக்கவில்லை.

கணித மேதை ராமானுஜன் நம் எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் வேலை தேடிய கதையை நம் குழந்தைகள் அவ்வளவாகக் கேட்டதில்லை. எஃப்.ஏ. தேறாதவர். 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்குக் குமாஸ்தா வேலை கேட்டு மனு எழுதினார். படிப்பு நின்றுபோனதை மறைக்கவில்லை. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தார். மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அங்கே வேறு இருவருக்கு எழுதிப் பலன் கிடைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால்? ஹார்டி பிப்ரவரி 8-ஆம் தேதி, நிரூபணங்களை அனுப்பும்படி பதில் எழுதினார். கப்பல் தபாலில் கடிதம் வந்து சேர வேண்டும். அப்படியும் 27-ஆம் தேதியே ராமானுஜன் இரண்டாவது கடிதத்தை எழுதிவிட்டார். அதில் "என் கடிதம் கிடைத்ததா" என்று மட்டும் கேட்கவில்லை. புதிய கணக்குகளையும் சேர்த்து அனுப்பினார். 1914 மார்ச் 17-ஆம் தேதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நாமெல்லாம் ராமானுஜன் இல்லை. ஆனால் உடனே பதில் எழுதுவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லையே!

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். மனுப் போட்ட அன்றே தேதி, பதவி, விண்ணப்ப எண், யாருக்கு அனுப்பினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மெயிலின் ஸ்பாம் பகுதியையும் தினம் பாருங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு பத்து நாள் பொறுத்து நாலே வரியில் எழுதுங்கள்: யார் நான், எந்தப் பதவி, இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், எப்போது தெரியும். இடையில் பரீட்சை தேறியிருந்தாலோ விலாசம் மாறியிருந்தாலோ அதையும் சேருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு போன். அதற்கும் பதிலில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். காத்திருக்கும் நாட்களிலும் வேறு இடங்களுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவனிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.

சர்க்கார் வேலைக்கு முறை வேறு. அங்கே ஆளைத் தொடரக் கூடாது, விதியைத் தொடர வேண்டும். கேரள பி.எஸ்.சி.-யில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. பரீட்சை எழுதுவதாகத் தங்கள் கணக்கில் உறுதி செய்யாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ராங்க் லிஸ்டுக்கும் ஆயுள் உண்டு, சாதாரணமாக அதிகபட்சம் மூன்று வருஷம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விவரம் எதுவும் தெரியவில்லை என்றால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

வரும் வழியில் பழைய தேயிலைத் தோட்டத்து லயங்களைப் பார்த்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக உழைத்த இடம். தோட்டம் நொடித்த பிறகு சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். உழைத்த கூலியையே அப்படிக் கேட்க வேண்டியிருந்தது. நாமோ ஒரு மெயில் அனுப்பக் கூச்சப்படுகிறோம்! மரியாதையாகக் கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை.

அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு ஆனதும் அந்த நாலு வரியை என் நோட்டில் எழுதிக் காட்டு, திருத்தித் தருகிறேன். மலை இறங்கி சிக்னல் வந்ததும் முதல் வேலையாக அதை அனுப்பு.

எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும்.