படிக்கிணறும் தலைவிதியும்

(ஒரு கூட்டத்தில் பேசியது)



நோய் வந்தால் தலைவிதி என்று சொல்லிச் சமாதானம் அடைவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். அந்த விதியைப் பிரம்மா எழுதினானா, படிக்கிணறு எழுதிற்றா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நரம்புச் சிலந்தி என்ற நோயை உங்களில் பெரியவர்கள் சிலர் அறிந்திருக்கலாம். காலில் கொப்புளம் கண்டு உடைந்து, நூல்போன்ற புழு ஒன்று தலைகாட்டும். அது இரண்டு முழ நீளம்கூட இருக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் அதை வெளியே எடுக்க வேண்டும். உழவு காலத்தில் குடியானவன் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பான்.

இது எப்படி வந்தது? புண்ணோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டால், புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியுள்ள நீரைக் குடித்தவருக்குச் சுமார் ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும். அந்தப் புழு ஜாதி பார்க்கவில்லை, பூணூலும் பார்க்கவில்லை. மந்திரம் சொல்லிக் குடித்தாலும் வயிற்றுக்குள் போவது அதே பூச்சிதான்.

இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆயினும் நம் நாட்டில் அது ஒழிந்தது. 1980-களில் சர்க்கார் தொடங்கிய திட்டத்தில், ஊழியர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள், படிகளை அடைத்து இறைகிணறு ஆக்கினார்கள், கைப்பம்பு போட்டார்கள், மருந்திட்டு நீர்ப்பூச்சியைக் கொன்றார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். 1996-ல் ராஜஸ்தானத்தில் கண்டதே கடைசி நோய். 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. ஆண்டவன் எழுதிய விதியானால், ஒரு முழத் துணிக்கு அது அழிந்திருக்குமா?

இன்று நம்மை வாட்டுவது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரிலேயே பெருகுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் குழாயில் தண்ணீர் வந்தால், யார் அண்டாவிலும் பீப்பாயிலும் சேர்த்து வைக்கப் போகிறார்கள்? ஆகவே, தண்ணீர் வராத தெருவில் கொசுவுக்குக் குறைவிராது. அப்படி விடப்படுவது பெரும்பாலும் எந்தத் தெரு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்க 1927-ல் மகாத்தில் டாக்டர் அம்பேத்கர் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்த நாடல்லவா இது!

ஆகையால் தோழர்களே, இரண்டு காரியங்கள் வேண்டும். ஒன்று, வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இதை ஆண்களும் செய்ய வேண்டும். மற்றொன்று, புகையடித்துவிட்டுப் போகிறவர்களிடம், புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், பீப்பாயிலுள்ள புழுவைக் கொல்லாது என்று சொல்லி, எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் தினமும் தண்ணீர் கேளுங்கள்.

கோவில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு, தண்ணீருக்காக ஒன்றுகூடத் தெரியாதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.