பழைய ஓவியமும் புதிய பதிப்புரிமையும்

1. சிக்கலின் இயல்பு

பதிப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓவியர் மறைந்து 70 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும் கழிந்தால் அவருடைய ஓவியம் பொதுச்சொத்தாகிறது. 1669இல் மறைந்த ரெம்பிராண்டின் ஓவியங்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம். ஆனால் ஓவியம் இருப்பது அருங்காட்சியகச் சுவரில். உள்ளே கேமராவை நிறுத்தி எடுக்க அனுமதி பெற்றவரின் படமே மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. அந்தப் படத்தின்மீது புதிதாகப் பதிப்புரிமை கோரினால், ஓவியம் பொதுச்சொத்து என்பது ஏட்டளவில் நின்றுவிடும்.

2. படியெடுக்கும் முறை

ஓவியத்தைப் படமெடுப்பது தேர்ச்சி வேண்டும் தொழில். கேமரா ஓவியத்தின் மையத்துக்கு நேராகவும் தளத்துக்கு இணையாகவும் நிற்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் விளிம்புகள் கோணும். இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் விளக்குகள் வைக்கப்படுகின்றன. வார்னிஷின் பளபளப்பைத் தணிக்க லென்ஸிலும் விளக்குகளிலும் போலரைசிங் ஃபில்டர் பொருத்தப்படுகிறது. நிறத்தைச் சரிபார்க்க ஓரத்தில் வண்ண அட்டை இருக்கும். இத்தனை கவனமும், எடுத்தவரின் கைவண்ணம் படத்தில் துளியும் தெரியாமலிருப்பதற்கே. வேலை சிறக்கச் சிறக்க, அதில் சொந்தப் படைப்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. உழைப்புக்குப் பதிப்புரிமை உண்டா, படைப்புக்கு மட்டும்தானா என்பதே வழக்குகளின் மையக் கேள்வி.

3. நீதிமன்றங்களும் சட்டங்களும்

அமெரிக்காவில் இதற்கு விடை தந்தது, பிரிட்ஜ்மன் ஆர்ட் லைப்ரரி கோரல் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு. பழைய ஓவியங்களின் படங்களைக் கோரல் சிடியில் விற்றது. அவை தன்னுடைய படங்களின் நகல்கள் என்றது பிரிட்ஜ்மன். அச்சு அசலான நகலில் படைப்புத்தன்மை இல்லை என்று நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லான் 1999இல் கோரிக்கையைத் தள்ளினார்.

பிரிட்டனில் தெளிவு தாமதமாக வந்தது. 2009இல் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, தன் தளத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியாவில் ஏற்றிய அமெரிக்கத் தன்னார்வலருக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மென்பொருள் வழக்கில், திறமையும் உழைப்பும் மட்டும் போதா, ஆக்கியவரின் சுதந்திரமான தெரிவுகள் வெளிப்பட வேண்டும் என்றது. இந்த அளவுகோலில் நேர்நகல்கள் தேறுவது கடினம்.

ஜெர்மனியில் நிலை வேறு. அந்நாட்டுச் சட்டம் படைப்புத்தன்மை இல்லாத சாதாரண ஒளிப்படத்துக்கும் 50 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. அதன்படி 2018 டிசம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் மன்ஹைம் நகரின் ரைஸ்-எங்கல்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பதிப்புரிமை நெறிமுறை, பொதுச்சொத்தான காட்சிக்கலைப் படைப்பின் நேர்நகலுக்குத் தனி உரிமை இல்லை என்று தன் 14ஆம் பிரிவில் விதித்தது. 2021இல் ஜெர்மனியும் தன் சட்டத்தைத் திருத்தியது.

இத்தாலி பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே மாற்றுவழியை நாடியது. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி, லியனார்டோவின் விட்ருவிய மனிதன் ஓவியத்தைப் புதிர் அட்டையில் அச்சிட்ட ராவன்ஸ்பர்கர் நிறுவனத்துக்கு வெனிஸ் நீதிமன்றம் 2022இல் தடை விதித்தது. இத்தாலிக்கு வெளியே அச்சட்டம் செல்லாது என்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் 2024இல் கூறியது.

இந்தியாவில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல், உழைப்பும் முதலீடும் மட்டும் போதா, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்றது. 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களைப் படமெடுப்போருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

4. செலவும் உரிமையும்

படமெடுக்கவும் பாதுகாக்கவும் ஆகும் செலவை அருங்காட்சியகங்கள் காரணம் காட்டுகின்றன. அச்செலவு உண்மையானது. அதைச் சேவைக் கட்டணமாகப் பெறலாம். பதிப்புரிமையோ கட்டணம் அன்று. படத்தைத் தொடும் ஒவ்வொருவரையும் பல பத்தாண்டுகள் கட்டுப்படுத்தும் தனியுரிமை. அதைக் கைவிட்டவை சிறிய நிறுவனங்கள் அல்ல. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012இல் தன் ரைக்ஸ்ஸ்டுடியோ இணையதளம் வழியாக 1,25,000 படங்களைத் திறந்துவைத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களை எவ்வித நிபந்தனையுமின்றி வழங்கியது. ஓவியத்தைக் காப்பதும் மக்களிடம் சேர்ப்பதும் அருங்காட்சியகத்தின் கடமை. காலாவதியான உரிமையைப் புதுப்பித்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு இல்லை.