கடவுள் ஒன்று, ஆபீஸ் இரண்டு

(தலைப்பு: ஆட்சி சிறக்கப் பெரிதும் வேண்டுவது பக்தியா? விதியா? ‘விதியே’ என்ற அணியில் பேசியது.)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் விதின்னு பேசப் போறது தலைவிதியை இல்லீங்க, ஆபீஸ் விதியை. ரெண்டும் ஒண்ணுதான்னு பின்வரிசையில யாரோ சொல்றாங்க. (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாக ஒரு நாட்டைக் கற்பனை செய்து காட்டினார்கள். "கடவுளுக்குப் பயந்தவங்க கையில ஆட்சியைக் கொடுத்துப் பாருங்க. பாதிரியார் தாசில்தார், ஆயர் கலெக்டர், கன்னியாஸ்திரீ ரேஷன் கடை! லஞ்சம் இருக்குமா? எடை குறையுமா?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா அம்மா, அதைக் கற்பனை பண்ணிச் சிரமப்பட வேண்டாம். அந்த நாடு நிஜமாவே இருந்தது.

இத்தாலியில போப்பாண்டவரே அரசராக இருந்து ஆண்ட நாடு அது. ஆயிரம் வருஷத்துக்கு மேல நடந்து, 1870இல் முடிந்தது. அப்புறம் 1929இல் ஓர் உடன்படிக்கை போட்டு, மிச்சமாக நிற்பதுதான் இன்றைய வத்திக்கான். எவ்வளவு பெரிய நாடு தெரியுமா? 44 ஹெக்டேர். நம்ம கணக்குல பதினாறு வேலி சொச்சம்! நம்ம மாவட்டத்துப் பழைய மிராசுதார்கள் கேட்டா, "இதுக்கா தனிக் கொடி?"ம்பாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

சரி, அந்தப் பெரிய நாட்டைப் பக்தியால மட்டும் ஆண்டாங்களா? ஐந்தாம் சிக்ஸ்துஸ்னு ஒரு போப்பாண்டவர். 1588இல் உட்கார்ந்து நிர்வாகத்தை 15 துறையாகப் பிரித்தார். அதில ஜெபம், சடங்கு, ஆயர்கள் இதுக்கெல்லாம் துறை இருந்தது, நியாயம்தான். கூடவே இன்னொன்னு பாருங்க: தானியத்துக்கு ஒரு துறை. சாலை, பாலம், தண்ணீருக்கு ஒரு துறை. அதாவது நம்ம பாஷையில சொன்னா சிவில் சப்ளையும் பொதுப்பணித் துறையும்! ரோமாபுரியில ரொட்டி விலை ஏறினா, "முழங்காலில் நில்லுங்கள் மக்களே"ன்னு மட்டும் சொல்லி அவர் நிறுத்தலை. கணக்கு எழுத ஆள் வைச்சார். போப்பாண்டவருக்குப் பக்தி இல்லைன்னு எதிரணி சொல்லுமா? (கைதட்டல்)

இன்னும் கேளுங்க. ஒருத்தரைப் புனிதர்னு அறிவிக்கணும்னா, "இவர் புனிதர் இல்லை"ன்னு வாதாடறதுக்குன்னே ஓர் அதிகாரியை அந்தக் காலத்திலேயே நியமிச்சாங்க. சாத்தானின் வக்கீல்னு ஜனங்க அவருக்குப் பட்டப் பேரே வைச்சுட்டாங்க. நம்ம அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்தது 1693. அவரைப் புனிதராக அறிவித்தது 1947. எண்ணிப் பாருங்க, 254 வருஷம்! உயிரையே கொடுத்தவருக்கும் ஃபைல் நகர்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. உங்க பட்டா மாறுதல் ஆறு மாசம் ஆச்சுன்னு வருத்தப்படாதீங்க. (பலத்த சிரிப்பு)

இப்ப நம்ம ஊருக்கு வரேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர். பேரை மாத்தி ராயப்பன்னு வைச்சுக்குவோம். நடவு, அறுப்புன்னு வயலிலேயே முதுகு வளைஞ்சவர். முதியோர் பென்ஷனுக்கு மனு போட்டார். ரேஷன் கார்டுல வயசு 52ன்னு யாரோ எழுதி வைச்சிருக்காங்க. மனுஷனுக்குப் பல்லே நாலுதான் பாக்கி! வயசுக்கு ருசு கொண்டான்னாங்க. பள்ளிக்கூடம் போனவரா? இல்லை. அதனால கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் வாங்கிட்டு வந்தார். அதில வயசு 67, சரி. பேரு? பெத்ரூஸ்!

சிரிக்காதீங்க, அது தப்பே இல்லை. அந்தக் காலத்துப் பதிவேடு லத்தீன்ல எழுதினது. லத்தீன்ல பெத்ரூஸ், தமிழ்ல ராயப்பன். யோசேப்பூஸ்தான் நம்ம சூசை. பவுலூஸ்தான் நம்ம சின்னப்பன். வேளாங்கண்ணி பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த மேஜைக்குத் தெரியலை. "பெத்ரூசுக்கு வயசு 67. ராயப்பனுக்கு 52. நீ யாருய்யா?"ன்னாங்க. ஆறு தடவை நடந்தார். பங்குச் சாமியார் இரக்கப்பட்டு ஒரு கடிதம் கொடுத்தார். "சாமியார் நல்லவர்தான், ஆனா கடிதம் செல்லாது"ன்னு பதில்.

உடனே எதிரணி துள்ளும், "பாத்தீங்களா, உங்க விதிதான் ஏழையைக் கொன்னுது"ன்னு. கொஞ்சம் பொறுங்க. அந்த மேஜைக்கு மேல சுவரில என்ன இருந்தது தெரியுமா? பிள்ளையார் படம், வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்கா படம். மூணுக்கும் பூ. அந்த மேஜைக்காரர் வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணிகூடப் பல்லில படாம விரதம் இருக்கறவர். பக்தி குறைவா? நிரம்பி வழிஞ்சது. ஃபைல்தான் நகரலை! (நீண்ட கைதட்டல்)

அப்புறம் எப்படி நகர்ந்தது? 1563இல் திரெந்து நகரத்துச் சங்கத்துல திருச்சபை ஒரு விதி போட்டது: ஞானஸ்நானம், கல்யாணம் எதுவானாலும் ஏட்டுல எழுது. 1908இலிருந்து இன்னொரு விதி: ஒருத்தருக்குக் கல்யாணம் ஆனா, அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்து ஓரத்துல அதையும் குறி. ராயப்பனோட பதிவைப் பார்த்தா, ஓரத்துல பொடி எழுத்துல அவர் சம்சாரத்தோட பேர் இருக்கு. அப்பா பேரு, அம்மா பேரு, சம்சாரம் பேரு எல்லாம் ரேஷன் கார்டோட பொருந்துது. சாமியாரோட இரக்கத்துனால ஆகாதது, நாற்பது வருஷம் முந்தி முகம் தெரியாத ஒரு சாமியார் விதிப்படி எழுதி வைச்ச ஒரு வரியால ஆச்சு. அதோட நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டோம்: "இல்லைன்னா, எந்த விதிப்படி இல்லைன்னு எழுதிக் கொடுங்க." அதுவரைக்கும் வாயாலதான் விரட்டினாங்களே ஒழிய, ஒரு தடவைகூட எழுதிக் கொடுக்கலை. எழுதுன்னதும் பேனா நின்னு போச்சு.

பக்திமான்கள் ரெண்டு பேர் மோதிக்கிட்டா என்ன ஆகும்? அதுக்கும் நம்ம காவிரிக் கரையே சாட்சி. போர்ச்சுகீசியரை 1658இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தை விட்டு விரட்டியாச்சு. ஆனா மயிலாப்பூர் ஆயரை நியமிக்கறதுல போர்ச்சுகல் அரசுக்கு இருந்த பாத்தியதை 1950 வரைக்கும் போகலை! தஞ்சாவூர்ப் பக்கம் பல ஊர் அந்த மயிலாப்பூருக்குக் கீழே. ரோமாபுரி நேரா அனுப்பின குருமார்கள் இன்னொரு பக்கம். கடவுள் ஒண்ணு, ஆபீஸ் ரெண்டு. ரெண்டு பக்கமும் ஜெபமாலை உருட்டினவங்கதான். தகராறு ஜெபத்தால தீரலை. 1886இல் ஓர் ஒப்பந்தம், 1950இல் ஓர் ஒப்பந்தம், ரெண்டும் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தீர்ந்தது. 1952இல் தஞ்சை தனி மறைமாவட்டம் ஆச்சு.

நடுவர் மணியைப் பார்க்கிறார். மாயவரத்துக்காரரைச் சொல்லாம போனா ஊருக்குள்ள விட மாட்டாங்க. முன்சீப் வேதநாயகம் பிள்ளை. அசல் கத்தோலிக்கர், தேவமாதா மேல அந்தாதி பாடினவர். அவர் 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் விக்கிரமபுரின்னு ஒரு நாட்டைக் கற்பனை பண்ணினார். எதிரணி அம்மையார் மாதிரி அவரும் சிம்மாசனத்துல ஓர் ஆயரை உட்கார வைச்சிருக்கலாம். வைக்கலையே! ஆண் வேஷத்துல ஞானாம்பாளை உட்கார வைச்சார். கதையில மட்டுமா? 1862இலேயே மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் திரட்டி ‘சித்தாந்த சங்கிரகம்’னு தமிழ்ல கொண்டு வந்தார். ஏன்? கோயில்ல பூசை லத்தீன்ல, கோர்ட்டுல வாதம் இங்கிலீஷ்ல. நடுவுல நிக்கிற குடியானவனுக்கு என்ன புரியும்? பஞ்சத்துல கையில இருந்ததை வாரிக் கொடுத்த பக்திமான் அவர். அவரே, "என் நல்ல மனசை நம்பி வா"ன்னு சொல்லலை. "இந்தா, விதி. நீயே படிச்சுக்க"ன்னு கொடுத்தார். (கைதட்டல்)

நம்ம ராயப்பனுக்குப் பென்ஷன் வந்துது. முதல் மணியார்டரை வாங்கிட்டு நேரா கோயிலுக்குப் போனார். மெழுகுவத்தி ஏத்தப் போறார்னுதான் நான் நினைச்சேன். அவர் சாமியார்கிட்ட கேட்டார்: "சாமி, என் பேரனுக்குப் போன மாசம் ஞானஸ்நானம் கொடுத்தீங்களே, ஏட்டுல சரியா எழுதிட்டீங்களா? ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க."